விடுதிப் பொருத்த ஆபீஸ்

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிறவன் தான் எங்கே படுப்பது என்பதைத் தானே முடிவு செய்துகொண்டிருந்த கெட்ட காலம் ஒன்று இருந்தது. ரயிலை விட்டு இறங்குவான், மூட்டையைத் தூக்குவான், கண்ணில் பட்ட லாட்ஜில் நுழைவான், மூட்டைப்பூச்சி கடித்தால் சொரிந்துகொள்வான், விடிந்தால் போய்விடுவான். உன் குணம் என்ன, உன் ருசி என்ன என்று அவனை ஒரு நாயும் கேட்டதில்லை. சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் இப்படிக் கேட்க ஆளில்லாமல் போனது பெரிய வெட்கக்கேடு என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது.

அந்த யாரோ ஒருவர் டூரில் வந்த பெரிய அதிகாரி. விழுப்புரத்தில் ஒரு ராத்திரி தங்கினார். கீழே மாவு மில், மேலே அவருடைய அறை. காலையில் வந்த காப்பியில் சிக்கரி தூக்கல். மனிதர் மெட்ராசுக்குத் திரும்பிப் போய், பயணியின் மனோபாவம், விடுதியின் மனோபாவம், இரண்டும் சேராவிட்டால் தேசத்துக்கு வரும் கேடு என்று முந்நூற்று நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். காப்பியை மாற்றிக் கொடுத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காப்பியை மாற்றுவதற்கு அரசாங்கத்தில் இலாகா கிடையாது. ஆபீஸ் திறப்பதற்கு உண்டு. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, 'விடுதிப் பொருத்த ஆபீஸ்' என்று போர்டு மாட்டி, சீனுவாசன் என்பவரை ஆபீசராகவும் சேட்டு என்பவனைப் பியூனாகவும் உட்கார வைத்தார்கள். அந்த ஆபீஸ் கொடுக்கிற ரோஸ் கலர்ச் சீட்டு இல்லாமல் எந்த லாட்ஜும் எவனுக்கும் பாய் விரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

சீட்டு வேண்டுமென்றால் பயணிக்கும் விடுதிக்கும் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். தூக்கப் பொருத்தம், சட்னிப் பொருத்தம், மாடிப்படிப் பொருத்தம், கொசுப் பொருத்தம் என்று போகும். பத்தாவது மனப் பொருத்தம். அதை அளக்கிற கருவி மெட்ராசிலிருந்து இன்னும் வந்து சேராததால் அந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பத்துக்கு ஆறு தேறினால் போதும். இது நம் ஊரில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பார்க்கிற அதே சங்கதிதானே என்று ஒரு வியாபாரி கேட்டுவிட்டான். சீனுவாசனுக்கு வந்ததே கோபம். அது மூடநம்பிக்கை, இது புள்ளிவிவரம் என்றார். கல்யாணத்தில் ஏழு பொருத்தம் பார்த்துவிட்டு மூன்றை விட்டுவிடுகிறீர்கள், அதனால்தான் குடும்பங்கள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன, லாட்ஜ் விஷயத்தில் அரசாங்கம் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது என்றார். வியாபாரிக்கு அன்று நாலு பொருத்தம்தான் தேறியது. பாவம், பிளாட்பாரத்தில் படுத்தான்.

இப்படிப்பட்ட ஆபீஸுக்குத்தான் 1962ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை பச்சைமுத்துவும் அவர் சம்சாரம் கோவிந்தம்மாளும் வந்து சேர்ந்தார்கள். வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம். மூன்று ஏக்கர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஓர் ஏக்கர் கேப்பை, இரண்டு ஜோடி மாடு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கோவிந்தம்மாளுடைய தாய்வீட்டு நிலம் அனந்தபுரத்தில் கொஞ்சம் இருந்தது. அதிலுள்ள கிணற்றில் தனக்கும் பங்கு உண்டு என்று அவள் சித்தப்பன் மகன் வழக்குப் போட்டிருந்தான். சாட்சி சொல்ல வேண்டியவள் கோவிந்தம்மாள். பச்சைமுத்து துணைக்கு வந்தார். துணைக்கு என்றால், அவளுக்குப் பதிலாகத் தாமே பேசிவிடுவதற்கு. நாலைந்து நாள் தங்கும்படி இருக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்ததால், வக்கீலுக்கு ஒரு மூட்டை வறுத்த மல்லாட்டையும் கொண்டுவந்திருந்தார்கள்.

முதலில் பச்சைமுத்துவை உட்கார வைத்தார்கள். இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுவீரா, சட்னியை இட்லி மேல் ஊற்றிச் சாப்பிடுவீரா என்று சீனுவாசன் ஆரம்பித்தார். பச்சைமுத்து தாலுக்கா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றையும் பார்த்த மனிதர். ஆபீசர் கேட்கிறான் என்று ஆசையைக் காட்டிவிடக் கூடாது, காட்டினால் முதலில் அதைத்தான் பிடுங்குவான் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எப்பிடி இருந்தாலும் சரிங்க சார்" என்றார். ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? எப்படி இருந்தாலும் சரிங்க. தலையணை ஒன்றா, இரண்டா? இல்லாவிட்டாலும் பரவாயில்லைங்க. பக்கத்து அறைக்காரன் பாடினால் என்ன செய்வீர்? பாடிட்டுப் போறாருங்க. இருபத்தெட்டுக் கேள்விக்கும் இதே பணிவுதான். இவ்வளவு பணிவாகப் பதில் சொன்னால் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பான் என்று மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு. சீனுவாசனோ ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார், அவர் முகத்தில் ஒரு துக்கம் படர்ந்துகொண்டே வந்தது.

அடுத்தது கோவிந்தம்மாள். அவள் உட்காருவதற்குள் பச்சைமுத்து முந்திக்கொண்டு, அவளுக்கும் ஒன்றும் வேண்டாம், மூலையில் ஒரு பாய் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். சீனுவாசன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒருத்தர் ருசியை இன்னொருத்தர் சொன்னா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். ஆறு மாசம் உள்ளே இருக்கணும். வெளியில போய் உக்காரும்."

பச்சைமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். இட்லியா சட்னியா, அவளுக்கு என்ன தெரியும், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கோவிந்தம்மாளின் குரல் மெல்ல எழுந்தது. நிற்கவில்லை. மோட்டார் போட்ட கிணறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்பது மட்டும் கேட்கவில்லை. நடுவில் ஆபீசர் சேட்டுவைக் கூப்பிட்டு இன்னொரு தாள் கொண்டுவரச் சொன்னார். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது, வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்தவள் போல் இருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன்னிடம் ஒன்றரை மணி நேரம் அவள் சேர்ந்தாற்போல் பேசியதில்லையே என்று பச்சைமுத்துவுக்குச் சுருக்கென்றது.

முடிவு வந்தது. கோவிந்தம்மாள் முதல் வகை, நுண்ரசனை. மங்கள விலாஸ் மாடியில் தெருப்பக்கத்து அறையோடு அவளுக்கு ஒன்பது பொருத்தம். இந்த ஆபீஸ் தொடங்கிய நாளாக யாருக்கும் ஒன்பது விழுந்ததில்லை. பச்சைமுத்து ஐந்தாம் வகை, விருப்பமிலி. அவருக்கு, மங்கள விலாஸுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் சந்தோஷ விடுதியோடு ஏழு பொருத்தம். சீனுவாசன் சமாதானமாகச் சொன்னார்: "உமக்கும் ஒரு விருப்பமும் இல்லை, அந்த விடுதிக்காரனுக்கும் இல்லை. இப்படிச் சேர்றது அபூர்வம் ஓய்."

"அவ என் சம்சாரங்க சார்."

"இருக்கட்டும். அது வேற டிபார்ட்மெண்ட்."

பச்சைமுத்து கோவிந்தம்மாளைப் பார்த்தார். அவள் அழுவாள், காலில் விழுவாள், புருஷன் இல்லாத இடம் எனக்கு எதற்கு என்று சீட்டைக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தன் துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கெவர்மெண்ட்டே சொல்லும்போது நாம் என்ன செய்ய முடியும், நாலு நாள்தானே என்று சொல்லிவிட்டு, ரோடைத் தாண்டிப் போயேவிட்டாள். அவள் இவ்வளவு ஜல்தியாக நடப்பாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சந்தோஷ விடுதியில் அவருக்குக் கொடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஆணி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே மங்கள விலாஸ் மாடி. அங்கே கோவிந்தம்மாள் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் டபரா செட்டோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைமுத்துவின் வயிறு எரிந்தது. இதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம், பொறாமை என்றால் பொறாமைதான். பங்காளியின் கிணற்றில் தண்ணீர் ஊறினால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த நாற்காலிமீது பொறாமை. அந்தக் காப்பிமீது பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் தன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தோஷமாக இருக்கிறாளே, அதன்மீது.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போனார்கள். ஜட்ஜ் லீவு, வழக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு வாய்தா. ஊருக்குப் போய்த் திரும்பி வரலாமென்றார் பச்சைமுத்து. அலைச்சல் எதற்கு, இங்கேயே இருந்துவிடலாம் என்றாள் கோவிந்தம்மாள். வக்கீலும் அதையே சொன்னார். பேஜாராகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஜன்னலைத் திறந்தவர் கட்டிலில் உட்காரவில்லை. எதிர் மாடியில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டாவதில் ஓர் ஆள். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, மடியில் ஒரு தோல் பை. அவன் என்னவோ சொல்கிறான், கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பச்சைமுத்து ஓடிப்போய்ச் சேட்டுவை விசாரித்தார். அது சவுரிராயன் என்று சொன்னான் சேட்டு. தையல் மிஷின் கம்பெனி ஏஜெண்ட், பாண்டிச்சேரிக்காரர், மாசத்துக்கு ஒரு தடவை வருவார், அவரும் முதல் வகை. ஒரே வகையைச் சேர்ந்தவர்களை ஒரே மேஜையில் சாப்பிட வைக்க வேண்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது என்றான். பச்சைமுத்துவுக்கு அந்த விதியை எழுதினவன் கையை முறிக்க வேண்டும் போல் இருந்தது.

வேறு வகைக்காரர்கள் முதல் வகைக்காரர்களைப் பார்க்க தினம் நாலு மணியிலிருந்து நாலேகால் வரைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். புதன்கிழமை மூன்றரைக்கே பச்சைமுத்து போய் வாசலில் நின்றார். நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். கோவிந்தம்மாள் முறுகலான ரவா தோசையின் ஓரத்தைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தபடியே உட்காருங்க என்றாள். தோசை எல்லாம் சாப்பிடுவாயா என்று அவர் கேட்டார். ஓரம்தான் பிடிக்கும் என்றாள். வீட்டில் ஓரத்தைப் பிய்த்து அவருக்கு வைத்துவிட்டு நடுப்பாகத்தை அவள் தின்பதுதான் வழக்கம் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை உடனே விரட்டிவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்டார்.

"அந்த ஆளாண்ட இன்னாடி அவ்ளோ பேச்சு?"

"சும்மா பேசிக்கினு இருந்தோம். அண்ணன் கேக்குறாரு, நான் சொல்றேன்."

"இன்னா கேக்குறான்?"

"நீ இன்னா நெனக்கிறன்னு கேக்குறாரு."

இப்படியும் ஒரு அயோக்கியத்தனம் உண்டா என்று பச்சைமுத்து திகைத்துப் போனார். ஒருத்தன் பெண்டாட்டியிடம் இன்னொருத்தன் வந்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பதா? அண்ணன் என்று முறை சொல்லிவிட்டால் ஆயிற்றா? தங்கச்சி, இந்தக் கிணற்று வழக்கைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டாராம். மழை முந்திக்கொண்டால் மல்லாட்டையை எப்போது பிடுங்குவாய் என்று கேட்டாராம். அவளும் சொன்னாளாம். நாலேகால் மணி அடித்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். சவுரிராயன் படியேறி வந்து, மரியாதையாகக் கும்பிட்டு, உங்க சம்சாரம் ரொம்ப விவரமானவங்க என்றார். அதைச் சொல்ல இவன் யார் என்று பச்சைமுத்து இரண்டு நாள் நினைத்து நினைத்துக் குமைந்தார்.

நாற்காலி போகட்டும், சவுரிராயனும் போகட்டும். அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது அந்த மூன்று தாள். என் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்பது சீனுவாசனின் பீரோவில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை எப்படியாவது பார்த்தாக வேண்டும் என்று அவர் தவித்தார். ரகசியக் கோப்பு என்று சீனுவாசன் கையை விரித்துவிட்டார். சேட்டுவைத் தனியாக அழைத்துப்போய் வக்கீலுக்கு வைத்திருந்த மல்லாட்டையில் பாதியைக் கொட்டினார். சேட்டு மடி நிறையக் கட்டிக்கொண்ட பிறகுதான் தனக்குப் படிக்கத் தெரியாது என்ற விஷயத்தைச் சொன்னான். ஆனால் கதவோரம் நின்றபோது ஒன்று மட்டும் காதில் விழுந்ததாம். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் அந்தம்மாவுக்குப் பிடிக்குமாம்.

"இதெல்லாம் ஒரு ருசியாடா? துன்ற சாமானா, கட்ற துணியா?" என்று பச்சைமுத்து சீறினார். அரை மூட்டை மல்லாட்டை வீண் என்று முடிவு கட்டினார்.

வகையை மாற்றிக்கொள்ள ஒரு வழி இருப்பதாக லாட்ஜ்காரன் சொன்னான். ரசனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் கொடுக்கிற மேலதிகாரி ராஜவேலு திண்டிவனத்தில் இருந்தார். வியாழக்கிழமை பச்சைமுத்து பஸ் ஏறினார். ராஜவேலு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, நின்றபடியே கேட்க வேண்டிய ஒரு பிரசங்கம் செய்தார்.

"பழைய காலத்துல ஜனங்க பிடிச்ச எடத்துல படுத்தாங்க. அதனால என்ன ஆச்சு? நிம்மதியாத் தூங்கினாங்க. நிம்மதியாத் தூங்கினவன் புகார் எழுதலை. புகார் இல்லாததால எங்க டிபார்ட்மெண்டே உருவாகாமப் போச்சு. எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்க. இப்போ வருஷத்துக்கு நாலாயிரம் புகார் வருது. அதுல ஒண்ணைக்கூட நாங்க தூக்கிப் போடறதில்லை. எல்லாத்தையும் வகை பிரிச்சு, எந்தப் புகாருக்கு எந்த பீரோ பொருத்தம்னு பார்த்து வைக்கிறோம்."

சான்றிதழுக்கு முன்பாக அந்த ஊரிலும் பரீட்சை உண்டு. இந்தத் தடவை பச்சைமுத்து பணிவைக் காட்டவில்லை. இட்லியா சட்னியா என்றதும், எனக்கு இட்லியும் வேண்டாம் சட்னியும் வேண்டாம், என் பெண்டாட்டியைக் கொடு என்று மேஜையைக் குத்தினார். திண்டிவனத்தில் அவருக்கு மூன்றாம் வகை விழுந்தது, முன்கோபி. ஆக, அவர் விழுப்புரத்தில் விருப்பமிலி, திண்டிவனத்தில் முன்கோபி. திரும்பி வரும்போது பஸ் இரண்டு ஊருக்கும் நடுவே கூட்டேரிப்பட்டில் பத்து நிமிஷம் நின்றது. அந்தப் பத்து நிமிஷம் அவருக்கு எந்தக் குணமும் கிடையாது. டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தார்.

ராஜவேலு ஒரு நல்லது செய்திருந்தார். 'தம்பதி இணைப்பு மனு' என்று ஒன்று இருப்பதைச் சொல்லி அனுப்பியிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விடுதியில் இருக்க வேண்டுமானால், ஒருவர் ருசி மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவியைப் பற்றிப் பத்துக் கேள்வி. ஆறுக்குச் சரியான பதில் எழுதினால் அன்றைக்கே சேர்த்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு ஆறு தெரியாதா என்று பச்சைமுத்து அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னலை ஓங்கிச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பரீட்சை. எழுதத் தெரியாததால் வாயால் சொல்லச் சொன்னார்கள். மனைவிக்குப் பிடித்த நிறம் எது? நான் எடுத்துக் கொடுக்கிற நிறம் என்றார். பிடித்த பலகாரம்? வீட்டில் மீந்ததைச் சாப்பிடுவாள், குறை சொல்ல மாட்டாள் என்றார். யாரிடம் பேசப் பிடிக்கும்? யாரிடமும் பேச மாட்டாள், நல்ல பெண்பிள்ளை என்றார். எதைக் கண்டால் பயம்? யோசித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டால் என்று சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று சீனுவாசன் கேட்டார். 

"அது எப்பிடிங்க தெரியும்? நான் தூங்குறப்ப அவ வேலையா இருப்பா. நான் எழுந்திருக்கிறப்ப அவ எழுந்து வேலை பாத்துக்கினு இருப்பா. அவ தூங்கி நான் பாத்ததில்லைங்க."

சொல்லி முடித்த பிறகு அவருக்கே என்னவோ போல் ஆயிற்று. அதற்குமேல் கேட்ட கேள்விகள் அவர் காதில் சரியாக விழவில்லை. சீனுவாசன் கூட்டிப் பார்த்தார். பத்துக்குச் சைபர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே இரண்டு மூன்று தேறும், சைபர் வாங்குவதற்கு ஒரு உழைப்பு வேண்டும் என்றார். நேற்றுச் சும்மா ஒரு சோதனைக்காகச் சவுரிராயனைக் கேட்டதில், மூன்று நாள் பழக்கத்தில் அவர் ஏழு சரியாகச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னார். அடப்பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். 

ஆனாலும் மனுவைத் தள்ளுபடி செய்வதற்கு முன் எதிர்த்தரப்பையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார்கள். குளித்து, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். புருஷனைப் பற்றி அதே பத்துக் கேள்வி. அவள் கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். குழம்பில் புளி எவ்வளவு, வெந்நீர் எத்தனை சூடு, எந்தக் காலில் வலி, எந்தத் தம்பிமேல் உள்ளுக்குள் கோபம் என்று எல்லாம் சொன்னாள். கோபம் வந்தால் துண்டை உதறுவார், பசி வந்தாலும் அதே துண்டைத்தான் உதறுவார், எந்த உதறல் எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றாள். பச்சைமுத்து தம்மையறியாமல் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பத்துக்குப் பத்து.

சீனுவாசனுக்குச் சங்கடம். ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் சைபர். இப்படி ஒரு பொருத்தத்தை என்னவென்று பதிவு செய்வது? தடித்த விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். முகம் மலர்ந்தது. முப்பத்தோராம் விதியை எழுந்து நின்று வாசித்தார்.

"தன்னிடம் தங்குகிறவரின் விருப்பங்கள் அனைத்தையும் அறிந்து, அவற்றை நாள்தோறும் நிறைவேற்றி, தன் விருப்பம் எதையும் அவருக்குத் தெரிவிக்காதது எதுவோ, அதுவே விடுதி எனப்படும்."

புத்தகத்தை மூடிவிட்டு, விஷயம் தெளிவாகிவிட்டது என்றார். இந்த அம்மா இருபத்திரண்டு வருஷமாகப் பதிவு செய்யாமல் நடந்து வருகிற ஒரு விடுதி. பச்சைமுத்து அதில் தொடர்ந்து தங்கி வருகிற ஒரு பயணி. இவர்களைத் தம்பதி என்று தவறாக மனுப் போட்டதனால்தான் இத்தனை குழப்பம். விடுதிக்கும் பயணிக்கும் என்றால் பத்துப் பொருத்தமும் இருக்கிறது, மனப் பொருத்தத்துக்குக் கருவிகூடத் தேவையில்லை. அந்த இடத்திலேயே ஒரு புது லைசென்ஸ் எழுதி, கோவிந்தம்மாள் என்று பெயரும் நம்பரும் போட்டு, முத்திரை குத்தினார். பச்சைமுத்துவுக்கு ரோஸ் கலர்ச் சீட்டில், 'விடுதி: கோவிந்தம்மாள்' என்று எழுதி நீட்டினார்.

பச்சைமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதி என்ன சொன்னது என்பது அவருக்கு முழுக்க விளங்கவில்லை. பெண்டாட்டி திரும்பக் கிடைத்துவிட்டாள், கெவர்மெண்ட்டே சீட்டுக் கொடுத்துவிட்டது, இனி சவுரிராயன் எந்த மேஜையில் உட்கார்ந்தால் என்ன என்று மட்டும் விளங்கியது. சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

கோவிந்தம்மாள் எழுந்திருக்கவில்லை. விதிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆபீசரிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். சீட்டோடு வருகிறவர்களை எல்லாம் விடுதி உள்ளே விட்டே தீர வேண்டுமா என்றாள்.

சீனுவாசன் பக்கத்தைத் திருப்பினார். "அப்படி இல்லையம்மா. லைசென்ஸ் உள்ள விடுதிக்கு ஒரு உரிமை உண்டு. இடம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

"அப்ப திங்கக்கெழம கேஸு முடியற வரைக்கும் ரூம் காலி இல்லன்னு எழுதிக்குங்க சார்" என்றாள் கோவிந்தம்மாள்.

குரலில் கோபம் எதுவும் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டேன் என்று சொல்கிற அதே குரல்தான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள், உங்களுக்கு வெறும் வயிற்றில் தலைவலி வரும் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, ரோடைத் தாண்டி மங்கள விலாஸுக்குப் போய்விட்டாள்.

சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பச்சைமுத்து கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது என்றார் சீனுவாசன். ஒரு புது நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மேலே கோவிந்தம்மாள் என்று எழுதி, கீழே முதலாவதாகப் பச்சைமுத்து என்று பதிந்துகொண்டார்.

பச்சைமுத்து சந்தோஷ விடுதிக்குப் போகவில்லை. ஆபீஸ் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர் மாடியில் இரண்டு நாற்காலி இருப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. சேட்டு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவனை நிறுத்தி, அந்த நோட்டில் இரண்டாவதாக யார் பேராவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.